கார்வார் கரைக்கு நீ கொண்டுவந்த படகு

போன வாரம் பெங்களூரில் நம் பெண் கவிதா வீட்டிலிருந்து திருப்பதிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பங்காருபாளையத்தில் பஸ் நின்றுவிட்டது. மண்டி வாசலில் மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றிருந்தன. ஜன்னல் வழியாக அந்த வாசனை உள்ளே வந்தது. காம்பு கிள்ளிய இடத்தில் கசிகிற பாலின் வாசனை. காரமும் புளிப்புமாக மூக்கின் உச்சிக்கு ஏறுமே, அது. பக்கத்து சீட்டுக்காரர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். எனக்கு மட்டும் காலுக்கடியில் பஸ்ஸின் தரை மெல்ல ஏறி இறங்கியது போல இருந்தது.

கொச்சியை விட்டு நாம் கிளம்பிய முதல் நாள், நீ படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வயிற்றில் இருந்ததையெல்லாம் கடலுக்குக் கொடுத்தாய். பிறகு, உன் அண்ணி பங்காருபாளையத்தில் வாங்கி உப்புப் போட்டுக் காயவைத்துக் கொடுத்திருந்த மாங்காய் வற்றலில் ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாய்.

"இது கொஞ்ச நேரம் நிக்கட்டும் மாமா. அப்பறம் நான் பாத்துக்கறேன்."

"எது நிக்கணும்? கடலா, வயிறா?"

"ரெண்டுல எதுனா ஒண்ணு."

நீ போன பிறகு வருகிற முதல் மாங்காய் சீசன் இது. பஸ் நகர்ந்து சித்தூர் தாண்டும்வரை உன்னோடு பேசிக்கொண்டேதான் வந்தேன். உதட்டை அசைக்காமல் பேச இப்போது பழகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் மீதியை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நமக்குக் கல்யாணம் ஆனபோது நான் கப்பலில் ஃபிட்டர். சத்தியவேடு பக்கத்தில், சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லாத வீட்டில் பிறந்தவன், சென்னைத் துறைமுகத்தில் கூலிக்குப் போய், வெல்டிங் கற்று, எப்படியோ ஒரு கப்பலின் இஞ்சின் அறைக்குள் இறங்கிவிட்டேன். நீ நகரிக்காரி. அரசு பஸ்ஸில் பெண்களைக் கண்டக்டராக எடுக்கத் தொடங்கிய காலத்திலேயே தோளில் பையை மாட்டிக்கொண்டவள். நான் கடலில் இருக்கும் மாதங்களில் நீ திருப்பதிக்கும் சித்தூருக்கும், புத்தூருக்கும் நகரிக்கும் நடுவே போய்வந்துகொண்டிருப்பாய். கணக்குப் பார்த்தால் என்னைவிட நீதான் அதிக தூரம் பயணம் செய்திருப்பாய். ஆனால் ஊரில் எல்லோரும் என்னைத்தான் "உலகம் சுத்தினவரு" என்றார்கள். எனக்குத் தெரிந்த உலகம் எண்ணெய் நாற்றமடிக்கும் ஓர் அறை. அங்கே இரைச்சலுக்கு நடுவே மனிதர்கள் கையால்தான் பேசுவார்கள். உனக்கோ வாய்தான் வேலை. நடுவில் ஏறுகிறவனிடம் தமிழ், முன்னால் ஏறுகிறவளிடம் தெலுங்கு, கர்நாடக எல்லையில் இருக்கிற குப்பத்து ஆள் ஏறினால் கன்னடத்திலும் நாலு வார்த்தை. பஸ் நிறைந்த கூட்டத்தில் கடைசி சீட்டுவரை எட்டுகிற குரல் உனக்கு.

நான் வேலையை விட்டு வீட்டோடு வந்த அந்த வருடத்தை நினைத்துப்பார்க்கிறேன். நீயும் விருப்ப ஓய்வு வாங்கியிருந்தாய். திருப்பதி வீட்டில், ஃபேனுக்கடியில், நான் நாற்காலியின் நுனியிலேயே உட்கார்ந்திருப்பேனாம். எனக்கே தெரியாது. நீதான் ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாய்:

"விருந்தாளி மாதிரி ஒக்காந்துகினு கீற மாமா. எப்ப எழுந்து போவப் போறேன்னு பாத்துகினே கீறேன்."

"எங்க போவப் போறேன்?"

"அதான் எனக்கும் தெரியல."

நீ சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். ஆனால் கீரைக்கட்டைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். அத்தனை வருடக் கல்யாணத்தில் நாம் சேர்ந்தாற்போல ஆறு மாதம் ஒரே கூரைக்குக் கீழே இருந்ததில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

பிறகு கொச்சியிலிருந்து ஒரு பழைய கப்பல் நண்பர், பாய்மரப் படகு ஒன்றின் இஞ்சினைப் பார்த்துத் தரச் சொல்லிக் கூப்பிட்டார். நீயும் ஊர் பார்க்க வந்தாய். அந்தப் படகை ஒரு பெரியவர் தன் கையாலேயே கட்டி, வயதாகிப்போய் அதில் ஏற முடியாமல் காயலில் கட்டிப்போட்டிருந்தார். பெயர் ஸ்டெல்லா. நான் இஞ்சினைப் பிரித்துப்போட்டுக்கொண்டிருந்தபோது நீ குனிந்து உள் அறைக்குள் போனாய். இரண்டு பக்கமும் இரண்டு படுக்கைப் பலகை, நடுவில் ஒருவர் நிற்க இடம், ஒரு அடுப்பு, ஒரு தொட்டி. வெகுநேரம் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால் ஒரு பலகையில் மல்லாந்து படுத்து, மரக் கூரையைக் கையால் தொட்டுக்கொண்டிருந்தாய்.

"இத வாங்கிடலாமா மாமா?"

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

"முப்பது வருசம் நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வூட்ல ஒக்காந்தாலும் நீ ஒரு ரூம்பு, நான் ஒரு ரூம்பு. இதுல நீ என்ன வுட்டுட்டு எங்க போவ, சொல்லு பாப்போம்?"

புத்தூரில் வாங்கிப்போட்டிருந்த மனையை விற்றோம். உன் அண்ணன் நகரியிலிருந்து பஸ் ஏறி வந்து, செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்று கத்தினார். "வூடு வாச கீறசொல்ல தண்ணி மேல போயி குடும்பம் நடத்துவாங்களா?" கவிதா போனில் அழுகிற குரலில் கேட்டாள்: "யம்மா, அம்மா எங்கன்னு கேக்கறவங்களுக்கு நான் இன்னா சொல்றது?" நீ கொஞ்சமும் யோசிக்காமல், "அம்மா டியூட்டில கீதுன்னு சொல்லு," என்றாய்.

கொச்சிக் காயலில் இருந்த அந்த ஒரு வருடம் நமக்குள் நடந்த சண்டைகளை எங்கே போய்ச் சொல்வது? டம்ளரை எந்தக் கொக்கியில் மாட்டுவது என்பதில் ஆரம்பித்து, உன் அம்மா செத்தபோது நான் வராததுவரை போகும். கதவைச் சாத்திக்கொண்டு போக இடம் கிடையாது. கோபித்துக்கொண்டு படகின் மூக்குப் பக்கம் போய் உட்கார்ந்தால், பத்தடி தள்ளி மற்றவர் முதுகு தெரியும். அதனால் பேசித்தான் தீர்க்கவேண்டியிருந்தது. என் வாழ்க்கையில் நான் அதிகம் பேசிய வருடம் அதுதான். சேலையை விட்டு சுடிதாருக்கு மாறினாய். ஐம்பதைத் தாண்டி நீச்சல் கற்றாய். ஆடுகிற அடுப்பில் கேவுருக் களி கிண்டக் கற்றாய். பானையை முழங்காலால் அணைத்துக்கொண்டு நீ துடுப்பைச் சுழற்றுவதைப் பக்கத்துப் படகுக்காரர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். படகுக்குப் பெயர் மாற்றலாமா என்றேன். "பஸ்ஸு நம்பர மாத்துனா ஜனம் ஏறாது," என்று சொல்லி, அதை 'ஸ்டெல்லாம்மா' என்று மட்டும் ஆக்கிக்கொண்டாய்.

பாயை ஏற்றவும் இறக்கவும், சுக்கான் பிடிக்கவும், காற்று எந்தப் பக்கம் என்று கன்னத்தால் அறியவும் நீ என்னைவிடச் சீக்கிரம் கற்றாய். நான் இஞ்சின் ஆள். எனக்குப் பாய் எப்போதும் இரண்டாவதுதான். ஒன்று மட்டும் நம்மிடையே பேசாமலே பழக்கமாகிவிட்டது: திறந்த நீரில் சுக்கான் உன் கையில், கரைக்குள் நுழையும்போது என் கையில். இஞ்சினைப் போட்டு, கட்டுமிடத்துக்கு அருகில் மெல்லக் கொண்டுபோய் நிறுத்துவது என் வேலை. நீ முன்னால் கயிறோடு நிற்பாய்.

மழைக்காலம் முடிந்து கடல் அடங்கிய ஒரு காலையில் நீதான் சொன்னாய், "ஒரே ஸ்டாப்புல நின்னுகினு இருந்தா அதுக்குப் பேரு பஸ்ஸா?" எங்கே போகலாம் என்று கேட்டாய். கார்வார் என்றேன். பல வருடங்களுக்கு முன் ஒரு கப்பலின் மேல்தட்டில் நின்று அந்தக் கரையைத் தூரத்தில் பார்த்திருக்கிறேன். மலை நேரே கடலுக்குள் இறங்கும். முன்னால் தீவுகள் காவல் நிற்கும். உள்ளே நீர் அசையாமல் இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். இஞ்சின் அறைக்குத் திரும்ப வேண்டியிருந்ததால் நான் அதிகம் பார்க்கவில்லை.

கேரளக் கரையோரமாக வடக்கே போனோம். அவசரமில்லாத பயணம். விடிகாலையில் கரையிலிருந்து வருகிற காற்றில் சமையல் புகையும் ஈர மண்ணும் மணக்கும். மத்தியானத்துக்கு மேல் காற்று திரும்பி, கடலிலிருந்து எதிரே வரும். அதற்குள் ஏதாவது ஒரு துறைமுகத்துக்குள் ஒதுங்கிவிடுவோம். ஒவ்வொரு துறையிலும் நான் எரிபொருள் பார்க்கப் போவேன். திரும்பி வருவதற்குள் அங்கே யார் வீட்டில் கல்யாணம், எந்தக் கடையில் நல்ல அரிசி என்பதெல்லாம் உனக்குத் தெரிந்திருக்கும். "ஒரு வார்த்த கூடத் தெரியாத பாஷல எப்பிடிப் பேசற?" என்று கேட்டேன். "தெரியாத எடத்துல கேட்டுட்டுதான் எறங்கணும் மாமா. கேக்கறதுல நமக்கு இன்னா கொறஞ்சிபூடும்?" என்றாய்.

கார்வாருக்குச் சற்றுத் தெற்கே அது நடந்தது. மலைகள் தெரியத் தொடங்கியிருந்தன. காலைக் காற்று செத்துப்போய், இஞ்சினைப் போட்டுக்கொண்டு போனோம். திடீரென்று இஞ்சின் ஒரு மாட்டைப்போல உறுமிவிட்டு நின்றது. பின்னால் எட்டிப் பார்த்தால், யாரோ அறுத்துவிட்ட பச்சை நைலான் வலை, நீருக்குள் பாவாடை போல விரிந்து நம்மைத் தொடர்ந்துகொண்டிருந்தது. புரொப்பெல்லரில் சுற்றிக்கொண்டது.

நான் சட்டையைக் கழற்றினேன். கத்தியை எடுத்தேன். இதெல்லாம் எனக்குப் பெரிய விஷயமே இல்லை என்பது போல இறங்கப் போனேன்.

"கயிறு கட்டிக்கோ."

"அலையே இல்ல. ரெண்டு நிமிசத்துல அறுத்துட்டு வந்துர்றேன்."

"கயிறு கட்டாத எறங்கக் கூடாது." கடைசி சீட்டுக்குப் போகிற அந்தக் குரல்.

இடுப்பில் கட்டிக்கொண்டேன். மறுமுனையை நீ கம்பியில் சுற்றிப் பிடித்துக்கொண்டாய். நீர் தெளிவாக இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி அறுப்பதும், மேலே வந்து மூச்சு வாங்குவதுமாக, தொங்கிக்கொண்டிருந்த வலையை அறுத்துவிட்டேன். தண்டில் இறுகிப்போன முடிச்சு மட்டும் பாக்கி. அதற்குள் காற்று திரும்பிவிட்டது. நீருக்குள் இருந்தவனுக்கு அது தெரியவில்லை. படகின் பின்பகுதி ஓர் அலையில் மேலே எழுந்து, நான் அடியில் இருக்கும்போது என் தோள்மேல் இறங்கியது.

எலும்பு உடைந்த சத்தத்தை நான் கேட்டேன். தலையிலும் பட்டிருந்தது. மேலே வந்தேனா, கயிறு என்னை மேலே கொண்டுவந்ததா என்று இன்றுவரை தெரியாது. கண்ணைத் திறந்தால் நீ படகின் விளிம்பில் குப்புறப் படுத்து, என் இடுப்புக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்திருந்தாய். என் இடக்கை எழவே இல்லை. ஏணியில் ஏற முடியவில்லை. உன்னால் என்னைத் தூக்கவும் முடியாது.

நீ அப்போது அழுதிருக்கலாம், கத்தியிருக்கலாம். என்னைப் பார்த்து, "தண்ணி குடிச்சிடாத. வாய மூடிக்கோ," என்றாய். பாயை மேலே ஏற்றுகிற கயிறு இருக்கிறதே, அதன் நுனிக் கொக்கியை இழுத்து வந்து என் இடுப்புக் கயிற்றில் மாட்டினாய். பாய்மரத்தின் அடியில் இருந்த உருளையின் கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தாய். ஒரு சுற்றுக்கு நான் ஒரு விரற்கடை மேலே வந்தேன். பாய் போலத்தான் ஏறினேன். வலியில் நான் போட்ட சத்தத்தை நீ காதில் வாங்கவே இல்லை. தட்டுக்கு மேல் வந்ததும் என்னை இழுத்துக் கீழே சாய்த்து, உன் துப்பட்டாவைக் கிழித்துத் தலையைச் சுற்றிக் கட்டினாய்.

அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாய். நானும் உன் கண் போன பக்கம் பார்த்தேன். காற்றும் அலையும் நம்மைக் கரையை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தன. கரையில் மணல் இல்லை. கறுத்த பாறை. அலை அதில் மோதி வெள்ளையாக எழுவது நன்றாகவே தெரிந்தது.

நான் படுத்தபடியே ஆணையிடத் தொடங்கினேன். நங்கூரத்தைப் போடு, இல்லை வேண்டாம், இஞ்சினை ஒருதரம் போட்டுப் பார், பெட்டியைத் திற.

"மாமா." நீ என் பக்கத்தில் குந்தினாய். "நீ பேசாத படு. எந்தப் பக்கம் பாற இல்லன்னு மட்டும் சொல்லு."

கரையை விட்டு விலகி வடக்கே போ, தீவு தாண்டியதும் கிழக்கே திரும்பு, அதுதான் விரிகுடா என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நீ பாயை ஏற்றினாய். கொஞ்ச நேரத்துக்கு முன் என்னைத் தூக்கிய அதே கயிறு. ஸ்டெல்லாம்மா ஒரு பக்கமாகச் சாய்ந்து, தயங்கி, பிறகு நகர்ந்தாள். இடப்பக்கம் அலை அடித்து உன் முகத்தில் தெறித்தது. நீ துடைக்கவில்லை. பாறை கிட்டே வருகிறதா, தள்ளிப் போகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. உன் முகத்தை மட்டும்தான் என்னால் பார்க்க முடிந்தது. வெகுநேரம் அது இறுகியே இருந்தது. அப்புறம் தாடை கொஞ்சம் தளர்ந்தது. பாறை பின்னால் போய்விட்டது என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

விரிகுடா வாயில் வந்தபோது வேறொரு கவலை. தெரியாத துறைமுகம். எங்கே ஆழம், எங்கே மணல் திட்டு, எந்தப் பக்கம் போகக் கூடாத இடம், எதுவும் தெரியாது. இஞ்சின் கிடையாது. கரைக்குள் படகைக் கொண்டுபோய் நிறுத்தியதே இல்லை நீ. மீன்பிடிப் படகுகள் திரும்பிக்கொண்டிருந்தன. கையைக் காட்டினாய். யாரோ வெள்ளைக்காரர் படகு, உல்லாசமாகக் கையசைக்கிறார்கள் என்று நினைத்திருக்கவேண்டும். பதிலுக்குக் கையசைத்துவிட்டுப் போனார்கள். இன்னொரு படகு நமக்குக் குறுக்கே வந்தது. அதில் ஒருவன் இன்னொருவனைத் திட்டினான்: "ஒரேய், ஆ தாடு லாகரா!"

கயிற்றை இழுடா என்கிறான். தெலுங்கு! உன் முகத்தில் நான் அன்று பார்த்த வெளிச்சத்தை வேறெப்போதும் பார்த்ததில்லை. சுக்கானைக் காலால் அணைத்துக்கொண்டு எழுந்து நின்றாய். சித்தூர் பஸ் ஸ்டாண்டில், கிளம்புகிற வண்டியை நிறுத்துகிற குரலில் கூப்பிட்டாய்.

"அன்னா! ஆகு அன்னா! மா ஆயனகி தெப்ப தகிலிந்தி!"

நில்லுங்கள், என் வீட்டுக்காரருக்கு அடிபட்டிருக்கிறது என்று நடுக்கடலில் தெலுங்கில் ஒரு பெண் குரல். அந்தப் படகில் எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். வளைந்து பக்கத்தில் வந்தார்கள். சுக்கான் பிடித்திருந்தவன்தான் அப்பாராவ். ஸ்ரீகாகுளத்திலிருந்து பிழைக்க வந்தவன் என்று பிறகு தெரிந்தது.

"அக்கா, ஏ ஊரு மீதி?" எந்த ஊர் என்கிறான்.

"திருப்பதி!"

"ஓரி தேவுடா! திருப்பதியா!" என்றவன், கயிற்றை வீசுவதற்கு முன் இரண்டு கையையும் எடுத்து உன்னைக் கும்பிட்டான். வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. கயிற்றை நீ பிடித்துக் கட்டினாய். நம்மை இழுத்துக்கொண்டு உள்ளே போகும்போது அவன் திரும்பிப் பார்த்துக் கேட்டான், "அக்கா, லட்டு உந்தா?"

லட்டு இல்லை என்று சொல்ல உனக்கு எத்தனை வெட்கம்! மாங்காய் வற்றல் டப்பாவைத் தூக்கிக் காட்டினாய்.

அவர்கள்தான் என்னைத் தூக்கி ஆட்டோவில் வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் தோளில் தகடு வைத்தார்கள். நான் படுத்திருந்த நாட்களில் நீ காலையில் படகுக்கும் மத்தியானம் என்னிடமும் போய்வந்தாய். ஒருநாள் படுக்கையில் உட்கார்ந்து என் நகங்களை வெட்டிக்கொண்டே, "மாமா, எனக்குக் கையெல்லாம் இப்பதான் நடுங்குது," என்றாய். வெட்டுவதை நிறுத்தி என் உள்ளங்கையில் நெற்றியை வைத்துக்கொண்டாய். உன் முதுகு குலுங்கியது. வலது கையால் உன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டில்காரர் மரியாதையாகச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

கவிதா பெங்களூரிலிருந்து ஓடி வந்தாள். வந்த வேகத்தில், "நைனா, படக வித்துடுங்க," என்றாள். அவளைக் கூட்டிக்கொண்டு நீ விரிகுடாவுக்குப் போனாய். அங்கே அவளிடம் என்ன பேசினாய் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்தவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

அதன் பிறகு கார்வார்தான் நம் ஊர். மழை மாதங்களில் திருப்பதிக்கு வருவோம். ஐப்பசியில் லட்டுப் பையோடு திரும்புவோம். அப்பாராவும் அவன் கூட்டமும் கரையில் காத்திருப்பார்கள். நாம் இல்லாத மாதங்களில் ஸ்டெல்லாம்மாவுக்குள் இறங்கும் மழைநீரை இறைத்துவைப்பது அவன் பொறுப்பு. எனக்குத் தோள் முழுதாக எழவில்லை. பாய் உன்னுடையது, சுக்கான் உன்னுடையது, கரைக்குள் நுழைவதும் உன்னுடையது. நான் முன்னால் கயிறோடு நிற்பேன். கயிறு பிடிக்கிறவனுக்குத்தான் கரை முதலில் தெரியும் என்பதை அப்போதுதான் கற்றேன். அந்த இரண்டு பனிக்காலங்களை என் வாழ்க்கையிலிருந்து எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது சம்பளம் வாங்கிய நாட்கள்தான்.

நீ கடலில் போகவில்லை. ஆடிக் காற்று புழுதியைக் கிளப்பிக்கொண்டிருந்த ஒரு காலையில், திருப்பதி வீட்டில், தோசை ஊற்றிக்கொண்டிருந்தவள் அடுப்பை அணைத்துவிட்டு, "தல ஒரு மாதிரி வலிக்குது மாமா," என்று சொல்லி உட்கார்ந்தாய். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் நீ கண் திறக்கவில்லை. கவிதா வந்து சேரும்வரை மூச்சு இருந்தது. அவ்வளவுதான். பாறையையும் காற்றையும் ஏமாற்றிவிட்டு வந்தவளை ஒரு சமையலறையில் வைத்து எடுத்துக்கொண்டு போனதே என்று பல நாள் யாரிடமோ கோபமாக இருந்தேன். யாரிடம் என்று தெரிந்தால் போய்க் கேட்டிருப்பேன்.

ஐப்பசி வந்தது. போகவேண்டாம் என்று கவிதா சொல்லவில்லை. "லட்டு வாங்கிட்டீங்களா நைனா?" என்று மட்டும் கேட்டாள்.

கார்வார் கரையில் அப்பாராவ் வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் ஓடி வந்து பையை வாங்கிக்கொண்டான். லட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ரோட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தான்.

"அக்கா ராலேதா?" அக்கா வரவில்லையா?

வழியெல்லாம் ஒரு வாக்கியத்தை ஒத்திகை பார்த்திருந்தேன். எனக்கு வந்த ஒரே வார்த்தையைச் சொன்னேன். "போயிந்தி." போய்விட்டாள்.

"எக்கடிகி?" என்றான்.

எங்கே என்று கேட்டான். கடைக்குப் போயிருக்கிறாயா, கவிதா வீட்டுக்கா என்று சாதாரணமாகத்தான் கேட்டான். அத்தனை மாதமும் நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி இன்னொருவன் வாயிலிருந்து வந்தது. வலைக் குவியலின்மேல் அப்படியே உட்கார்ந்தேன். அவனுக்குப் புரிந்தது. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்தான். பிறகு, "சோறு துன்னாச்சா?" என்பதை அவன் பாஷையில் கேட்டான். இல்லை என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக, ஒருவர் வீட்டில் சோறு வேண்டும் என்று நானே வாய்விட்டுச் சொன்னேன்.

அந்த சீசன் முழுக்க ஸ்டெல்லாம்மாவில் தனியாக இருந்தேன். தனியாக என்பது சரியான வார்த்தையா என்று தெரியவில்லை. காலையில் எழுந்ததும் பக்கத்துப் படகுகளைக் கூப்பிட்டு மீன் பட்டதா என்று கேட்பேன். சந்தையில் காய்காரியிடம் பெயர் கேட்டுக்கொண்டேன். ஆட்டோக்காரரின் பெண்ணுக்குப் பரீட்சை எப்போது என்று தெரியும். உன்னிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இதுதான். சிலர் நகை விட்டுப்போவார்கள். நீ எனக்கு வாயை விட்டுப்போயிருக்கிறாய். இப்போது மழை ஓய்ந்ததும் மறுபடி போகிறேன். பத்து நாள் லீவு போட்டுக்கொண்டு கவிதாவும் வருகிறாள். சுக்கான் பிடிக்கக் கற்றுக்கொள்ளவேண்டுமாம்.

ஒன்று சொல்ல வேண்டும். போன தை மாதம், ஒரு மத்தியானம், புதிய பாய்மரப் படகு ஒன்று விரிகுடாவுக்குள் வந்தது. இரண்டே பேர், கணவனும் மனைவியும், சின்ன வயது. பம்பாய்ப் பக்கத்திலிருந்து இறங்கி வருகிறார்கள். அந்தப் பெண் சுக்கானில், அவன் முன்னால். நேராக மணல் திட்டின் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். நான் தட்டின்மேல் ஏறி நின்று கூப்பிட்டேன். தமிழில் கத்தினேன், தெலுங்கில் கத்தினேன், கப்பலில் கற்ற இங்கிலீஷில் கத்தினேன். என் குரல் உடைந்துபோய்த்தான் வந்தது. ஆனால் அந்தப் பெண்ணுக்குக் கேட்டது. திரும்பினாள். என் கை காட்டிய பக்கம் படகைத் திருப்பினாள்.

மாலையில் நன்றி சொல்ல இருவரும் வந்தார்கள். தேநீர் போட்டுக் கொடுத்தேன். அவள் ஸ்டெல்லாம்மாவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். உருளையையும் கயிறுகளையும் தொட்டுப் பார்த்தாள். கடைசியில், "அங்கிள், இதை நீங்கள்தான் இங்கே ஓட்டிக்கொண்டு வந்தீர்களா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா," என்றேன். "என் வீட்டுக்காரி கொண்டாந்தா."

அந்தப் பெண் சுக்கானருகே போய், நீ நிற்கிற இடத்தில், கொஞ்ச நேரம் நின்றாள்.